முதுகில் விழுந்த கோடு பரம்பரையா?

கேள்வி: குலசேகரத்தை அடுத்து எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருக்கிறது. மழை முடிந்த சமயம், விடியுமுன் பால் வெட்டப் போனவர்கள் தலைவிளக்கு வெளிச்சத்தில் கொடிக்குள் ஒரு மலைப்பாம்பைப் பார்த்தார்கள். எட்டடிக்குக் குறையாது. எங்கள் பக்கம் மலைப்பாம்பு அதிசயமில்லை. ஆனால் இதன் முதுகில் வழக்கமான தனித்தனித் திட்டுகளைக் காணோம். கழுத்திலிருந்து பாதி உடம்புவரை பழுப்பாக ஒரே கோடு ஓடி, அதன் பிறகுதான் திட்டுத் திட்டாகப் பிரிந்தது. வனத்துறையினர் வந்து பிடித்துக்கொண்டுபோய்க் காட்டில் விட்டார்கள். பால் வெட்டும் பெரியவர் ஒருவர், "இது சாரைக்கும் பெரும்பாம்புக்கும் பொறந்ததாக்கும்" என்று அடித்துச் சொல்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகனிடம் போட்டோவை அனுப்பினேன். அவன் வீட்டில் 'பால் பைத்தான்' என்ற வெளிநாட்டுப் பாம்பு ஒன்று வளர்க்கிறான். உடம்பில் பாதி வெள்ளை. இப்படிப்பட்ட அடையாளங்கள் எல்லாம் பரம்பரையாக வருபவை, குட்டிகளுக்கும் வரும், அதனால்தான் விலை அதிகம் என்கிறான். தோட்டத்துப் பாம்புக்கும் அப்படித்தான் இருக்கும் என்பது அவன் கட்சி. யார் சொல்வது சரி? கூடவே ஒன்று: அவன் வீட்டில் பாம்பு வைத்திருப்பதால் வம்பு ஏதும் வருமா?

— ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: உங்கள் மருமகன் தன் பாம்பைப் பற்றிச் சொன்னது சரி. அதை உங்கள் தோட்டத்துப் பாம்புக்கு அப்படியே பொருத்த முடியாது. பெரியவர் சொன்னது மட்டும் சந்தேகமில்லாமல் தவறு. அதை முதலில் முடித்துவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

சாரைதான் ஆண், நல்ல பாம்புதான் பெண் என்று சொல்லக் கேட்காத கிராமம் தமிழ்நாட்டில் இருக்காது. இரண்டு பாம்புகள் பின்னிப் பிணைந்து தரையைவிட்டு எழும்பி ஆடுவதைப் பார்த்தவர்கள் கட்டிய கதை அது. உண்மையில் அப்படி ஆடுபவை இரண்டுமே ஆண் சாரைகள். பெண்ணை முன்னிட்டு நடக்கும் மல்யுத்தம். ஒன்று கறுத்தும் இன்னொன்று மஞ்சளாகவும் இருந்துவிட்டால், பார்க்கிறவருக்கு இரண்டும் வேறு வேறு இனம் என்று படும். சாரையும் மலைப்பாம்பும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைகூட அல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே வழி பிரிந்தவை. இவற்றுக்குள் கலப்பு நடக்காது. மலைப்பாம்பு இனங்களுக்குள் கலப்பு சாத்தியம்தான். கூண்டில் வளர்ப்பவர்கள் பர்மா மலைப்பாம்பையும் பால் பைத்தானையும் சேர்த்துக்கூடக் குட்டி எடுத்திருக்கிறார்கள். ஆனால் குமரி மாவட்டக் காட்டில் இருப்பது இந்திய மலைப்பாம்பு ஒன்றுதான். வலைபோல் கோலமுள்ள நீண்ட மலைப்பாம்பைப் பார்க்க வேண்டுமானால் நிக்கோபாருக்கோ வடகிழக்குக்கோ போக வேண்டும். ஆக, இங்கே கலப்பதற்கு வேறு ஆளே இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம்.

பாம்பின் மேல் இருக்கும் கோலம் முட்டைக்குள் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. கரு வளரும் தொடக்கத்தில், பின்னாளில் தண்டுவடம் ஆகப்போகும் குழாயின் மேல்விளிம்பிலிருந்து ஒரு கூட்டம் செல்கள் கிளம்பி, முதுகிலிருந்து இருபக்கமும் தோலுக்குள் பரவுகின்றன. நிறச் செல்கள் இவற்றிலிருந்து வருபவை. கறுப்பையும் பழுப்பையும் தருபவை ஒரு வகை, மஞ்சளையும் சிவப்பையும் தருபவை இன்னொரு வகை, நிறமியே இல்லாமல் நுண்ணிய படிகங்களால் ஒளியைத் திருப்பி மினுக்கம் தருபவை மூன்றாவது வகை. இந்த மூன்றும் எங்கெங்கே எந்த அளவில் நின்றன என்பதே நாம் பார்க்கும் கோலம்.

எனவே ஒரு விசித்திரப் பாம்பைக் கண்டால் நான் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுக்கொள்வேன். செல்கள் எந்த நிறமியைத் தயாரித்தன? அந்தச் செல்கள் எங்கே போய் நின்றன? முதல் கேள்விக்கு விடை ஏறக்குறைய முழுக்க மரபணுவில் இருக்கிறது. இரண்டாவதில் மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் தற்செயலுக்கும், முட்டை கிடந்த சூட்டுக்கும் பங்கு உண்டு. ஒரே ஈட்டில் பொரித்த மலைப்பாம்புக் குட்டிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது தெரியும். எல்லாவற்றுக்கும் தலையில் ஈட்டி முனை போன்ற அடையாளம் இருக்கும், முதுகில் கரும்பழுப்புத் திட்டுகள் இருக்கும். ஆனால் எந்த இரண்டிலும் திட்டுகளின் வடிவம் ஒன்றாக இராது. ஒரே பாம்பின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒத்துப்போகாது. பொதுவான திட்டம் பரம்பரை. விவரங்கள் அவரவர் முட்டைக்குள் நடந்தவை.

பால் பைத்தானை எடுத்துக்கொண்டால் நமக்கு உறுதியான விடைகள் கிடைக்கின்றன. காரணம், மனிதன் அதை வைத்து முப்பது வருடத்துக்கு மேலாகக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு அது. நான்கைந்து அடிக்கு மேல் வளர்வது அபூர்வம். பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுவிடும், பெயர்க் காரணம் அதுவே. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து இவை லட்சக்கணக்கில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வளர்ப்புக்காக ஏற்றுமதியாயின. அத்தனை பாம்புகள் கைமாறும்போது ஒன்றிரண்டு வித்தியாசமானவை கண்ணில் படாமல் போகாது. அவற்றை வியாபாரிகள் தனியே எடுத்துவைத்தார்கள். ஆனால் வித்தியாசமாக இருக்கிறது என்பதற்காக எவரும் பெரிய விலை கொடுத்துவிடவில்லை. "குட்டியில் காட்டு, அப்புறம் பேசலாம்" என்பதுதான் அந்தத் தொழிலின் நடைமுறை.

குட்டியில் காட்டுவது எவ்வளவு நீளமான வேலை என்று பாருங்கள். விசித்திர அடையாளமுள்ள ஆண் ஒன்றைச் சாதாரணப் பெண்ணோடு சேர்க்கிறீர்கள். பால் பைத்தான் ஓர் ஈட்டுக்கு ஆறு முட்டை அளவில்தான் இடும். அந்த அடையாளம் ஓங்குத் தன்மையுள்ள மரபணுவால் வந்தது என்றால் குட்டிகளில் சுமார் பாதியில் உடனே தெரிந்துவிடும். ஆறு குட்டியில் ஒன்றில்கூடத் தெரியாமல் போவதற்கு 64-இல் ஒரு வாய்ப்புதான். சரி, ஒன்றிலும் தெரியவில்லை. அதனால் பரம்பரை இல்லை என்று முடிவுகட்டலாமா? கூடாது. ஒடுங்குத் தன்மையுள்ள மரபணுவாக இருக்கலாம். அப்படியென்றால் எல்லாக் குட்டிகளும் வெளியே சாதாரணமாக இருந்துகொண்டு உள்ளே ஒரு பிரதியைச் சுமந்துகொண்டிருக்கும். ஆகவே ஒரு மகளை வளர்த்து ஆளாக்கித் தகப்பனோடு சேர்க்க வேண்டும். பெண் பாம்பு முட்டையிடும் பருவத்தை அடைய மூன்று வருடம் போல ஆகும். அந்த ஈட்டில் பாதிக் குட்டிகள் தகப்பனைக் கொண்டு பிறந்தால்தான் விஷயம் நிரூபணம். தகப்பன் செத்துப்போய், அண்ணனையும் தங்கையையும் சேர்க்க நேர்ந்தால் இன்னும் சிரமம்: நாலில் ஒரு குட்டிக்குத்தான் வாய்ப்பு, ஆறு முட்டையில் ஒன்றுகூட அப்படி வராமல் போக 18 விழுக்காடு சாத்தியம் இருக்கிறது. ஆக, ஒரு பாம்பின் முதுகைப் பற்றி உறுதியாக ஒரு வார்த்தை சொல்ல நாலைந்து வருடம் போய்விடும்.

அப்படிப் பொறுமையாக இருந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் பாப் கிளார்க் 1992-இல் வெள்ளையும் மஞ்சளுமான அல்பினோ பால் பைத்தான்களைக் கூண்டில் பிறப்பித்துக் காட்டினார். உங்கள் மருமகன் வைத்திருக்கும் பாதி வெள்ளைப் பாம்பு, 'பைபால்டு' என்று அவர்கள் அழைக்கும் வகை. அதைப் பீட்டர் கால் 1997-இல் நிரூபித்தார். இந்த இரண்டுமே ஒடுங்குத் தன்மை. அதே 1997-இல் வந்த 'பாஸ்டல்' வேறு மாதிரி: ஒரு பிரதி இருந்தால் நிறம் வெளிறும், இரண்டு பிரதி இருந்தால் இன்னும் பளிச்சென்று ஆகும். இதன் மறுபக்கத்தை வியாபாரிகள் அதிகம் பேசுவதில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அபூர்வம் என்று வந்திறங்கி, வருடக்கணக்கில் வளர்த்தும் எல்லாக் குட்டியும் சாதாரணமாகவே பிறந்து, கடைசியில் ஒன்றுமில்லை என்று ஆன பாம்புகள் ஏராளம். விலைப்பட்டியலில் பெயர் பெற்றவை மட்டும் நம் கண்ணுக்குத் தெரிவதால், எல்லா விசித்திரமும் பரம்பரை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உங்கள் மருமகனுக்கும் அப்படி வந்திருக்கிறது.

சமீப காலத்தில் டி.என்.ஏ. ஆய்வு இந்தக் கணக்குகளை உறுதி செய்திருக்கிறது. அமெரிக்காவின் கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் செய்த வேலை எனக்குப் பிடித்தமானது. பாம்பைத் தொடவே இல்லை. வளர்ப்பவர்களிடம், உரித்துப் போட்ட சட்டையைத் தபாலில் அனுப்பச் சொல்லி, அதிலிருந்து டி.என்.ஏ. எடுத்தார்கள். 2022-இல் வெளியான அந்த ஆய்வின்படி, அல்பினோ பால் பைத்தானில் பழுதானது டைரோசினேஸ் என்ற நொதிக்கான மரபணு. மனிதர்களில் பிறவியிலேயே தோலும் முடியும் வெளுத்துப் பிறப்பவர்களில் பலருக்கும் பழுதாகியிருப்பது அதே மரபணுதான். பைபால்டு விவகாரத்தைக் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 'டிஃபெக்' என்ற மரபணுவில் கோளாறு இருப்பதைக் கண்டு, அதே மரபணுவை ஒரு பல்லியினத்தில் வேண்டுமென்றே முடக்கிப் பார்த்து, 2023-இல் வெளியிட்டார்கள்.

ஆனால் பைபால்டிலேயே உங்களுக்குச் சுவையான ஒரு பாடம் இருக்கிறது. ஒரே ஈட்டில் பிறந்த, ஒரே மரபணுக் கோளாறு இரட்டைப் பிரதியாக உள்ள இரண்டு குட்டிகளில், ஒன்று கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய முழு வெள்ளையாக இருக்கும். மற்றதில் வால் பக்கம் ஒரு கையகலம் மட்டும் வெளுத்திருக்கும். வெள்ளை விழும் என்பதை மரபணு தீர்மானிக்கிறது. எவ்வளவு, எங்கே என்பது அதன் கையில் முழுதாக இல்லை. மருமகன் தன் பாம்பைப் போலவே அச்சு அசலாகக் குட்டி வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாறுவார். சாதாரணப் பாம்போடு சேர்த்தால் முதல் தலைமுறையில் ஒரு வெள்ளைக் குட்டிகூடப் பிறக்காது, அதையும் சொல்லிவையுங்கள்.

இன்னொரு வகையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 'பனானா' என்று பெயர், மஞ்சள் உடம்பில் கரும்புள்ளி. நம் மட்டிப் பழத்தை நினைத்துக்கொள்ளலாம். இதை வளர்த்தவர்களுக்கு ஒரு குழப்பம்: சில ஆண் பனானாக்களுக்குப் பிறக்கும் பனானாக் குட்டிகள் பெரும்பாலும் ஆணாக இருந்தன, வேறு சில ஆண்களுக்குப் பெரும்பாலும் பெண்ணாக. விசாரித்தால், அந்த ஆண் தன் நிறத்தைத் தகப்பனிடமிருந்து வாங்கியிருந்தால் மகன்களுக்கும், தாயிடமிருந்து வாங்கியிருந்தால் மகள்களுக்கும் கொடுக்கிறது என்று தெரிந்தது. மருமக்கள்வழிச் சொத்து வழக்குகளைப் பார்த்துப் பழகிய நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குத் தாய்வழியா, தகப்பன்வழியா என்ற இந்த விசாரணை புரியாமல் போகாது. அந்த மரபணு, ஆண் பெண்ணைத் தீர்மானிக்கும் குரோமோசோமிலேயே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் காரணம். பாம்புகள் எல்லாவற்றிலும் தாயே குட்டியின் பாலைத் தீர்மானிக்கிறாள் என்று பாடப்புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. மலைப்பாம்பில் மனிதனைப் போலவே ஆண்தான் தீர்மானிக்கிறது என்று 2017-இல் ஆய்வு வந்தபோது, வளர்ப்புக்காரர்களின் இந்தப் பழைய குழப்பம் ஆதாரமாகப் பயன்பட்டது.

அழகான அடையாளம் பரம்பரையாக வருவது எப்போதும் நல்ல செய்தி என்று எண்ண வேண்டாம். 'ஸ்பைடர்' என்றொரு வகை. சிலந்தி வலைபோல மெல்லிய கோடுகள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரே ஒரு பாம்பிலிருந்து 1999-இல் தொடங்கிய வம்சம், ஓங்குத் தன்மை. இந்த வகைப் பாம்புகளுக்குத் தலை நடுங்கும். இரையைக் குறிபார்க்கத் தடுமாறும். சில தலைகீழாகப் புரண்டு கிடக்கும். உட்காதின் சமநிலை உறுப்பு சரியாக உருவாகாததே காரணம் என்று நுண் சி.டி. ஸ்கேன் எடுத்தவர்கள் காட்டிவிட்டார்கள். நிறச் செல்கள் கிளம்பும் அதே இடத்திலிருந்து உட்காதுக்குப் போகும் செல்களும் கிளம்புவதால் இது வியப்பில்லை. கோலத்தை வாங்கினால் நடுக்கமும் கூடவே வரும், பிரித்தெடுக்க முடியாது. தெரிந்தே இதை இன்னும் பெருக்குகிறார்கள் என்பது எனக்கு ஒப்பவில்லை.

இப்போது உங்கள் தோட்டத்துக்கு வருவோம். இந்திய மலைப்பாம்பு கோடையில் முட்டையிடும். தாய் முட்டைகளைச் சுற்றி வளைத்துக்கொண்டு இரண்டு மாதம் போல இரை தேடாமல் கிடக்கும். சூடு குறைந்தால் தசைகளை விட்டுவிட்டுச் சுருக்கி, நடுங்குவதுபோல அசைந்து, தன் உடம்பைச் சுற்றுப்புறத்தைவிடச் சில பாகை சூடாக வைத்துக்கொள்ளும். குளிர் இரத்தப் பிராணி என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த ஒன்று இதைச் செய்கிறது என்பதை, நியூயார்க் மிருகக்காட்சி சாலையில் அடைகாத்த ஒரு பெண் மலைப்பாம்பை அளந்து 1966-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அடுத்த கேள்வியை 1970-களில் கேட்டார்கள்: அந்தச் சூடு கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? மலைப்பாம்பு முட்டைகளைக் குறைந்த சூட்டில் வைத்துப் பார்த்தபோது பல கருக்கள் செத்தன. தப்பியவற்றில் முதுகெலும்பு கோணுவது, செதில் வரிசை குலைவது, நிறக்கோலம் மாறுவது ஆகியவை தெரிந்தன. பால் பைத்தான் வளர்ப்பவர்களுக்கும் இது தெரிந்த கதை. அடைகாக்கும் பெட்டியின் சூடு ஏறி இறங்கிய வருடத்தில் முதுகில் கோடு விழுந்த குட்டிகள் பிறக்கும். புதுவகை கிடைத்துவிட்டது என்று கொண்டாடி வளர்த்தால், அதன் குட்டிகள் எல்லாம் பழைய திட்டுகளோடு பிறக்கும்.

திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து முதுகில் கோடாக ஓடுவது, இப்படி முட்டையில் நேரும் மாற்றங்களில் மிகச் சாதாரணமானது. அதுவும் பாதி உடம்புவரை மட்டும் கோடாகி, பிறகு ஒழுங்காகப் பிரிவது என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது: கருவில் ஒரு கட்டம்வரை இடைஞ்சல், அப்புறம் எல்லாம் சீராயிற்று என்பதற்கு அது பொருந்துகிறது. ரப்பர் தோட்டத்தில் அடைகாக்கும் மலைப்பாம்புக்கு இடைஞ்சல்களுக்குக் குறைவில்லை. காடு வெட்டும் இயந்திரம் பக்கத்தில் வந்தாலோ, சருகுக்குத் தீ வைத்தாலோ தாய் முட்டையை விட்டு நகரும். உங்கள் பாம்புக்கு இதுதான் நடந்தது என்று நான் சாதிக்கவில்லை. நடந்திருக்கக்கூடியவற்றில் இதையே முதலில் வைப்பேன்.

பிறந்த பிறகு வரும் அடையாளங்களும் உண்டு. தீக்காயமும் அரிவாள் வெட்டும் ஆறினால் செதில் கோணல்மாணலாக, நிறம் வெளிறி அல்லது கறுத்து நிற்கும். சட்டை உரிக்கப்போகும் பாம்பு பல நாள் மங்கிச் சாம்பல் பூத்துக் கிடக்கும், அதைப் பார்த்துவிட்டுப் புது இனம் என்பவர்கள் வருடத்துக்கு ஒருவராவது எனக்குப் படம் அனுப்புகிறார்கள். இவை எதுவும் குட்டிக்குப் போகாது.

இன்னும் ஒரு நடுத்தர வகை: மரபணுவிலேயே மாற்றம், ஆனால் உடம்பின் ஒரு மூலையில் மட்டும். செவ்வாழை போட்டவர்களுக்கு இது தெரியும். நல்ல செந்துளுவன் கன்று என்று நட்டது, திடீரென்று பச்சைத் தண்டும் பச்சைக் காயுமாக மாறி நிற்கும். வளரும் குருத்தில் ஒரு செல்லில் ஏற்பட்ட மாற்றம் அது. வாழை கன்றிலிருந்து வருவதால் அந்த மாற்றம் அடுத்த கன்றுக்கும் போகிறது. பாம்புக்கு அந்த வழி கிடையாது. தோலில் ஒரு செல்லில் மாற்றம் ஏற்பட்டு ஒரு திட்டு வெளுத்துப்போனாலும், முட்டையையோ விந்தையோ உண்டாக்கும் செல்களில் அந்த மாற்றம் இல்லாதவரை அது அந்தப் பாம்போடு முடிந்தது.

அப்படியானால் நம் காட்டு மலைப்பாம்பில் பரம்பரை விசித்திரமே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. முழுக்க வெளுத்துக் கண் சிவந்த பாம்பைக் கண்டால், ஒடுங்கு மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்திருக்கிறது என்று நான் தயங்காமல் சொல்வேன். அது நிறமி பற்றிய கேள்வி. அத்தகைய குட்டி காட்டில் அதிக நாள் பிழைப்பதில்லை, பருந்துக்கும் கீரிக்கும் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். வெளியே தெரியாமல் ஒற்றைப் பிரதியைச் சுமக்கும் சாதாரணப் பாம்புகள் மட்டும் தலைமுறை தலைமுறையாக அதைக் கடத்திக்கொண்டிருக்கும். முதுகுக் கோடும் பரம்பரையாக இருக்க வழி உண்டு. ஆனால் அதைச் சொல்ல ஒரு பாம்பின் படம் போதாது. கோதையாறு, பேச்சிப்பாறை, களியல் பக்கங்களில் வெவ்வேறு வருடங்களில் பிடிபட்ட பாம்புகளில் இதே கோடு திரும்பத் திரும்ப வந்தால், அல்லது ஒரே ஈட்டுக் குட்டிகள் பலவற்றில் கோடு இருந்தால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன். நம் மலைப்பாம்பு ஓர் ஈட்டுக்கு இருபது, முப்பது முட்டைகள்கூட இடும். பால் பைத்தானின் ஆறு முட்டையைவிட அது பத்து மடங்கு தெளிவாகப் பேசும். ஆனால் சேர்த்துவைத்துக் குட்டி எடுத்துப் பார்க்கும் வேலை நமக்கு வேண்டாம். இது காட்டுயிர், சட்டமும் இடம் தராது.

சட்டம் என்றதும் உங்கள் கடைசிக் கேள்வி. இந்திய மலைப்பாம்பு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது; புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். வித்தியாசமான கோடு இருக்கிறது, யாராவது நல்ல விலை தருவார்கள் என்று ஒருவர் வந்து ஆசை காட்டினால், மண்ணுளிப் பாம்பை 'இரட்டைத்தலைப் பாம்பு' என்று லட்சக்கணக்கில் பேரம் பேசி ஏமாற்றும் கும்பலை நினைத்துக்கொள்ளுங்கள். அதே ஆட்கள், அதே பேச்சு.

பால் பைத்தான் நம் நாட்டுக் காட்டுயிர் அல்ல. ஆனால் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், 2022-இல் திருத்தப்பட்ட நம் சட்டத்துக்குள்ளும் அது வந்துவிட்டது. இப்படிப்பட்ட விலங்குகளை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரி 28-இல் விதிகள் வந்தன. குட்டி பிறந்தாலும், கைமாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். மருமகனின் பாம்பு பதிவாகியிருக்கிறதா, விற்றவர் சரியான தாள் கொடுத்தாரா என்று கேளுங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை. 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து யாரும் எடுக்காமல் கிடந்த பெட்டிகளைத் திறந்தபோது 45 பால் பைத்தான்கள் இருந்தன; கூடவே சின்னக் குரங்குகளும் ஆமைகளும் வேறு பாம்புகளும். அதே வருடம் ஜூலை கடைசியில் திருச்சியில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியிடம் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்டன. பெட்டிக்குள் திணித்து இப்படி வருபவைதான், வழியில் செத்தவை போக, பிறகு நகரத்துக் கடைகளில் "இங்கேயே பிறந்தது சார்" என்று விற்பனைக்கு வருகின்றன.

வளர்த்துச் சலித்துப்போனால் ஊருக்கு வரும்போது தோட்டத்தில் விட்டுவிடலாம் என்ற யோசனை அவருக்கு வரவே கூடாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வளர்ப்பிலிருந்து தப்பியதும் விடப்பட்டதுமான பர்மா மலைப்பாம்புகள் பெருகி அங்குள்ள சதுப்புக் காட்டின் சிறு விலங்குகளைத் தின்று தீர்த்தன. அவற்றைப் பிடிக்க நம் செங்கல்பட்டுப் பகுதி இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் 2017-இல் அழைத்துப் போக வேண்டியிருந்தது. இருவரும் பின்னர், 2023-இல், பத்மஸ்ரீ பெற்றார்கள். இங்கே அப்படி ஒரு தேவை வர வேண்டாம். வெளிநாட்டுப் பாம்பிடமிருந்து நம் பாம்புக்கு நோய் தொற்றவும் வழியிருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பாம்பின் படத்தைத் தேதியும் இடமும் குறித்து, உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தில் கொடுத்துவையுங்கள். மலைப்பாம்பின் திட்டுகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், அந்தப் பாம்பு மறுபடி பிடிபட்டால் படத்தை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். அதே கோடுள்ள வேறொன்று பிடிபட்டால், என் ஊகம் தவறு என்பதற்கு முதல் சாட்சி உங்கள் படம்தான். பால் வெட்டுகிறவர்களிடமும் சொல்லிவையுங்கள்: கோடை மாதங்களில் கொடிக்குள் சுருண்டு கிடக்கும் மலைப்பாம்பு நகராமல் இருந்தால் அதன் கீழே முட்டை இருக்கக்கூடும். கம்பால் தள்ளாமல், அந்த இடத்தில் தீ வைக்காமல், வனத்துறைக்கோ 101-இல் தீயணைப்பு நிலையத்துக்கோ தகவல் கொடுத்தால் போதும்.